திரைக்குப் பின்னால் மேடை இருந்ததா?

அட்லாண்டா நகரின் பீச்ட்ரீ தெருவில் ஒரு காலத்தில் இரண்டு பெரிய திரையரங்குகள் இருந்தன. ஒன்றின் பெயர் லோவ்ஸ் கிராண்ட். ‘கான் வித் த விண்ட்’ படம் 1939 டிசம்பர் 15 அன்று முதன்முதலாகத் திரையிடப்பட்டது இங்கேதான். கிளார்க் கேபிளும் விவியன் லீயும் வந்து இறங்க, ஊரே திரண்டு நின்றது. படத்தில் பணிப்பெண்ணாக நடித்து அடுத்த ஆண்டே ஆஸ்கர் விருது வாங்கிய ஹாட்டி மெக்டானியல் மட்டும் வர முடியவில்லை. அவர் கறுப்பினத்தவர். இன்னொரு அரங்கு ஃபாக்ஸ். அதன் பெயரோடு சேர்த்துச் சொல்ல அந்த அளவு புகழ்பெற்ற படமோ நாளோ கிடையாது.

இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், சினிமா வரலாறு தெரிந்த எவரும் கிராண்டைத்தான் சொல்வார்கள். நடந்தது நேர்மாறு. 1978 ஜனவரியில் கிராண்ட் தீப்பிடித்தது; பிறகு இடிக்கப்பட்டது. இன்று அந்த இடத்தில் ஜார்ஜியா-பசிபிக் நிறுவனத்தின் அடுக்குமாடிக் கோபுரம் நிற்கிறது. அதே 1978இல் ஃபாக்ஸ் தன்மேல் இருந்த கடனையெல்லாம் அடைத்துவிட்டது. 4,600க்கு மேற்பட்ட இருக்கைகளோடு இன்றும் நடக்கிறது.

பழைய திரை மாளிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏக்கத்தில் தொடங்கி ஏக்கத்திலேயே முடிக்கிறார்கள். முதல் நாள் முதல் காட்சி, இடைவேளை முறுக்கு, கிழிந்த சோபா. எனக்கு அந்த ஏக்கத்தின்மேல் மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. எது பிழைத்தது, எது போனது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால், ரசிகர்களின் பாசத்துக்கும் கட்டடத்தின் ஆயுளுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. தொடர்பு இரண்டு விஷயங்களோடுதான் தெரிகிறது. கட்டடத்தில் படம் போடுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும் என்பது ஒன்று. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது மற்றொன்று.

முதலில் இந்த மாளிகைகள் ஏன் கட்டப்பட்டன என்று பார்க்க வேண்டும். 1914இல் நியூயார்க்கில் ஏறத்தாழ மூவாயிரம் இருக்கைகளோடு ஸ்ட்ராண்ட் திறந்தது. தாமஸ் லாம்ப் வடிவமைத்தது. அதற்குமுன் சினிமா என்றால் கடைவாசலில் ஐந்து சென்ட் கொடுத்துப் பார்க்கிற சின்ன அறை. மேல்தட்டு மக்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவர்களையும் வரவழைப்பதற்காகக் கம்பளம், சலவைக்கல் படிக்கட்டு, சரவிளக்கு, சீருடை போட்ட பணியாளர் என்று அரங்குக்காரர்கள் செலவழித்தார்கள். 1917இல் சிகாகோவில் பாலபன் - காட்ஸ் கூட்டாளிகள் சென்ட்ரல் பார்க் அரங்கில் குளிர்காற்று வசதியைப் புகுத்தியபோது, கோடையில் படம் எதுவானாலும் கூட்டம் வந்தது. அன்று குளிர்சாதன வசதி உள்ள வீடு அநேகமாகக் கிடையாது.

அது மௌனப்படக் காலம். படத்துக்கு இசை வேண்டும். அதனால் ஆர்கனும் இசைக்குழுவும். படம் மட்டும் போதாது; அதனால் முன்னும் பின்னும் நடனம், பாட்டு, வித்தை. ஆகவே திரைக்குப் பின்னால் ஆழமான மேடை, மேலே காட்சித் திரைகளை இழுத்து ஏற்றும் உயரமான கூடு, கீழே வாத்தியக்காரர்களுக்குப் பள்ளம், பக்கத்தில் ஒப்பனை அறைகள் என எல்லாம் வைத்தே கட்டினார்கள். பேசும்படம் வந்ததும் இதெல்லாம் வீண்செலவு என்றார்கள். நாற்பது ஆண்டு கழித்து அந்த வீண்செலவுதான் கட்டடங்களுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தது.

ஃபாக்ஸின் கதையில் இது துலக்கமாகத் தெரிகிறது. அது சினிமாவுக்கென்று தொடங்கப்பட்ட கட்டடமே இல்லை. யாராப் டெம்பிள் என்ற ஷ்ரைனர் சங்கத்தார் தங்கள் தலைமையகமாக அதைத் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தில் அரபு நாட்டு வேடமும் பெயரும் ஒரு விளையாட்டு. ஆகவே வெளியே வெங்காயக் குவிமாடமும் மினார்களும். உள்ளே எகிப்திய நடன மண்டபம். பணம் பாதியில் தீர்ந்துபோனது. திரைப்பட முதலாளி வில்லியம் ஃபாக்ஸுக்கு அரங்கைக் குத்தகைக்கு விட்டு மீதியைக் கட்டி முடித்தார்கள். திறப்புவிழா 1929 கிறிஸ்துமஸ் அன்று. பங்குச் சந்தை சரிந்து ஏறக்குறைய இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஃபாக்ஸ் தன் நிறுவனத்தையே இழந்தார். மூன்றாவது ஆண்டில் அரங்கு மூடப்பட்டது. இருபது லட்சம் டாலருக்கு மேல் விழுங்கிய கட்டடம் ஏலத்தில் 75,000 டாலருக்குப் போனது.

அரங்கத்துக்குள் உட்கார்ந்தால் சுற்றிலும் கோட்டைச் சுவர், மேலே திறந்த இரவு வானம். வானம் என்பது நீலம் பூசிய பிளாஸ்டர் கூரை. அதில் படிகக் கற்களுக்குப் பின்னால் சின்ன விளக்குகள் வைத்து 96 நட்சத்திரங்கள். ஓர் எந்திரம் மேகங்களை ஓடவிடும். ஜான் எபர்சன் என்ற கட்டடக் கலைஞர் 1923இல் ஹூஸ்டன் நகரில் தொடங்கிவைத்த பாணி இது. அவர் போட்ட பாதையில் அமெரிக்கா முழுக்கப் பொய்வானங்கள் முளைத்தன. பொன்பூச்சு உத்தரங்களும் வேலைப்பாடு கொண்ட கூரையும் கேட்கிற செலவோடு பார்த்தால் நீலப் பெயிண்ட் மலிவு என்பதும் அதற்கு ஒரு காரணம். ஃபாக்ஸின் பால்கனிக்கு மேல் கோடுபோட்ட துணிப்பந்தல் ஒன்று விரிந்திருக்கிறது. பாலைவனத்துக் கூடாரத் துணி என்று ஊரில் ஒரு கதையே உலவியது. தட்டிப் பார்த்தால் கம்பி கட்டிய பிளாஸ்டர். மேடையில் எழும் ஒலியைப் பால்கனியின் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. முகப்புக் கூடத்தில் தெரியும் மர உத்தரங்களும் மரம் இல்லை. வர்ணம் பூசிய பிளாஸ்டர். இந்த மாளிகைகளைச் சீரமைப்பது கோயிலைச் சீரமைப்பதைவிடக் கடினமாவது இதனால்தான். கல் தாங்கும், பொய் தாங்காது. ஒரு மழைக்காலம் முழுக்கக் கூரை ஒழுகினால் வானமே உதிர்ந்துவிடும்.

1947 முதல் 1968 வரை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா குழு ஆண்டுதோறும் வந்து ஃபாக்ஸ் மேடையில் பாடிவிட்டுப் போனது. மேடை இருந்ததால் வந்தார்கள். அந்தப் பழக்கம் நகரத்தின் செல்வந்தர்களுக்கு இந்தக் கட்டடத்தோடு ஓர் உறவை உண்டாக்கியது. இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அந்த உறவு பேசியது.

1970களின் நடுவில் சதர்ன் பெல் என்ற தொலைபேசி நிறுவனம் தன் தலைமையகத்துக்காக அந்த மனையைக் கேட்டது. எதிர்ப்புக் கிளம்பியது, ‘அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ்’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பு உருவானது. பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள், பாடகர்கள் நிதி திரட்டினார்கள். 1976 ஜூலையில் லின்னர்ட் ஸ்கினர்ட் ராக் இசைக்குழு இங்கே நிகழ்ச்சி நடத்தி, அதையே இசைத்தட்டாகவும் வெளியிட்டது. இந்தப் பகுதியை எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. சதர்ன் பெல்லை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பக்கத்து நிலத்தைச் சேர்த்துக் கொடுத்து, கோபுரத்தை அரங்குக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வழிசெய்தார்கள். வங்கிகள் 18 லட்சம் டாலர் கடன் கொடுத்தன. மூன்று ஆண்டுக்குள் அடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கெடுவுக்கு முன்பே அடைத்தார்கள். கண்ணீர் கதவைத் திறந்திருக்கலாம். நிலப் பேரம்தான் வேலையை முடித்தது.

ஜோ பேட்டன் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஃபாக்ஸில் மோலர் நிறுவனம் செய்த ஆர்கன் ஒன்று உண்டு; 3,622 குழல்கள். பல ஆண்டுகள் ஊமையாகக் கிடந்ததை 1960களின் தொடக்கத்தில் தன் சொந்த உழைப்பில் பழுதுபார்த்து மறுபடி பேசவைத்தவர் அவர். பின்னர் அரங்கைக் காக்கும் முயற்சியிலும் முன்னால் நின்றார். அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு குடியிருப்பு அமைத்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தார், 2016இல் காலமானார். இப்படி ஓர் ஆள் எல்லா ஊரிலும் இருப்பார். நம் ஊர்களில் பெரும்பாலும் பழைய ஆபரேட்டராக இருப்பார். யாரும் அவரிடம் போய்க் கேட்பதில்லை.

தப்பிக்காதவற்றின் கதை நீளம், காரணம் சுருக்கம். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, படம் எடுக்கும் நிறுவனங்கள் தங்கள் அரங்குகளைக் கைவிட வேண்டியதாயிற்று. அதே வேளையில் தொலைக்காட்சி வந்தது, மக்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள், நகர நடுவில் கார் நிறுத்த இடமில்லாமல் போனது. 5,920 இருக்கைகள் கொண்ட நியூயார்க் ராக்ஸி 1927இல் திறந்தது, 1960இல் இடிக்கப்பட்டது. டெட்ராய்ட்டின் மிச்சிகன் அரங்குக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். அதை இடித்தால் ஒட்டியிருந்த அலுவலகக் கட்டடம் ஆட்டம் காணும் என்பதால் முழுக்க இடிக்கவில்லை. உள்ளே மூன்று தளம் போட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். இன்றும் அங்கே காரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் கிழிந்த பொன்வேலைக் கூரை தெரியும். ஹென்றி ஃபோர்டு தன் முதல் காரைச் செய்த பட்டறை ஒரு காலத்தில் இருந்த இடமும் அதுதான் என்பது டெட்ராய்ட்காரர்கள் தவறாமல் சொல்கிற செய்தி.

பிழைத்தவற்றைப் பார்த்தால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆள் காப்பாற்றியிருக்கிறார். ஓக்லாந்து நகரின் பாரமவுண்ட் அரங்கை 1972இல் அந்த ஊர் சிம்பொனி இசைக்குழு வாங்கிப் பழைய அழகுக்குக் கொண்டுவந்தது. பின்பு ஒரு டாலர் விலைக்கு நகராட்சியின் கைக்கு வந்தது. நியூயார்க் வட்டாரத்தில் லோவ்ஸ் நிறுவனம் கட்டிய ஐந்து ‘அதிசய அரங்கு’களில் இரண்டு கிறிஸ்தவ சபைகளின் கைக்குப் போயின. ஆயிரக்கணக்கில் உட்காரலாம், நல்ல ஒலி, எதிரே மேடை. பிரசங்கத்துக்கு வேறென்ன வேண்டும்? அந்த ஐந்தில் புரூக்ளினின் கிங்ஸ் அரங்கு 1977இல் மூடி, வரிபாக்கிக்காக நகராட்சி எடுத்துக்கொண்டு, முப்பத்தெட்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2015இல் 9.5 கோடி டாலர் செலவில் திறந்தபோது, இக்கால நிகழ்ச்சிகளுக்குப் போதாது என்று மேடையைப் பின்னால் நீட்டியே கட்டினார்கள். லண்டன் டூட்டிங்கில் உள்ள கிரனாடா அரங்கு பிரிட்டனின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்ற முதல் சினிமா அரங்கு. 1976 முதல் அதன் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டது பிங்கோ சூதாட்டம். கலை ஆர்வலர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் பிங்கோ ஆடிய பாட்டிமார்கள் அந்தக் கட்டடத்துக்குச் செய்த நன்மையை எந்தத் திரைப்படச் சங்கமும் செய்யவில்லை.

மேடை இருந்தாலே போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. சிகாகோவின் அப்டவுன் அரங்கு 4,300க்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்டது. சட்டப் பாதுகாப்பும் உண்டு, மேடையும் உண்டு. 1981இல் மூடியது, அதன் பிறகு பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தது. இடிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லலாம். கூரையை மாற்று, திற என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது.

அடுத்த கேள்வி சங்கடமானது. காப்பாற்றிய பிறகு மிஞ்சுவது திரையரங்குதானா? ஃபாக்ஸில் இன்று நடப்பவை பெரும்பாலும் பிராட்வே நாடகங்களும் இசை நிகழ்ச்சிகளும். கோடையில் சில வாரங்கள் படம் போடுகிறார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ அரங்கு 1922இல் திறந்து, ஏறக்குறைய நூறு ஆண்டுகள் படம் காட்டிய இடம். 2022இல் ஓர் இசைநிகழ்ச்சி நிறுவனம் அதை நடத்த எடுத்துக்கொண்டு, கீழ்த்தளத்தின் நிலையான நாற்காலிகளை எடுத்துவிடப் போவதாகச் சொன்னதும் ஊர் இரண்டுபட்டது. நாற்காலி போனால் அது சினிமா அரங்கு இல்லை என்றார்கள் ஒரு தரப்பார். நாற்காலியை வைத்துக்கொண்டு இழுத்து மூடுவதா என்றார்கள் மறுதரப்பார். உள் அலங்காரத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது; நாற்காலிகளுக்குக் கிடைக்கவில்லை. சரிவான தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒரே திசையில் பார்ப்பதுதான் திரையரங்கு என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனாலும் அந்த ஊர்க்காரனாக இருந்திருந்தால் நாற்காலிகளை விட்டுக்கொடுத்திருப்பேன்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. ஃபாக்ஸின் வெளிப்புறச் சுவரை ஒட்டி ஒரு படிக்கட்டு ஏறுகிறது. 1960களின் தொடக்கம் வரை கறுப்பின மக்கள் முகப்பு வழியாக நுழைய முடியாது. அவர்களுக்குத் தனி டிக்கெட் கவுண்ட்டர், இந்தப் படிக்கட்டு, மேல்மாடத்தின் உச்சியில் தனி இடம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய அரங்குகள் பலவற்றில் சீரமைப்பின்போது இத்தகைய தடங்கள் மறைந்துபோயின. பார்க்க அழகாக இல்லை என்பதால் இடிப்பதும் ஒருவகைப் பொய்தான். பொன்வேலையை மீட்கிறவர்கள் இந்தப் படிகளையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நம் பக்கம் வருவோம். தமிழ்த் திரையரங்குகளில் தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று காசுக்கேற்ற இடம். பெண்களுக்குத் தனி வழி, நடுவில் தடுப்பு. ஆனால் சாதிவாரியாக இடம் ஒதுக்கவில்லை. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று தமிழறிஞர் கா. சிவத்தம்பி எழுதியது இதனால்தான். நம் திரையரங்குகளைக் காக்க அழகைவிட வலுவான காரணம் இது. ஆனால் நம் பேச்சில் இது வருவதே இல்லை.

மும்பையில் நிலைமை கொஞ்சம் தேவலை. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்த ராயல் ஆப்பரா ஹவுஸ் பின்பு சினிமா அரங்காகி, 1990களில் மூடிக் கிடந்து, கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவின் சீரமைப்புக்குப் பின் 2016இல் திறந்தது. கோண்டல் அரச குடும்பம் விற்காமல் வைத்திருந்தது. ஆப்பராவுக்குக் கட்டியதால் மேடையும் இருந்தது. 1933இல் திறந்த ரீகலும் 1938இல் திறந்த ஈராஸும் 2018இல் யுனெஸ்கோ அறிவித்த ஆர்ட் டெக்கோ வளாகத்தில் அடக்கம். ஈராஸ் சில ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2024இல் கீழே கடையும் உள்ளே ஐமேக்ஸ் திரையுமாக மீண்டது. வெளித்தோற்றம் நிற்கிறது, உள்ளே புதுசு.

மதுரை தங்கம் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரிது என்று ஊர் பெருமை பேசியது. இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. சென்னையில் சிவாஜி குடும்பத்தின் சாந்தி 2016இல் மூடியது. ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள் வைத்திருந்த சஃபையர் அதற்கு வெகுமுன்பே தரைமட்டம். இவற்றுக்காக யாரும் அழாமல் இல்லை. ஆனால் இவை பேசும்படக் காலத்துக் குழந்தைகள், படத்துக்கென்றே கட்டியவை. திரையைத் தூக்கினால் பின்னால் சுவர். மெட்ரோபாலிட்டன் ஆப்பராபோல யாராவது வந்தாலும் நிற்க இடமில்லை. நகரின் நடுவில் நிலத்தின் விலையோ ஆண்டுக்காண்டு ஏறுகிறது. வாரிசுகள் நாலு பேர், பத்திரம் ஒன்று. விற்காமல் என்ன செய்வார்கள்? சிற்றூர்களில் பல அரங்குகள் கல்யாண மண்டபமாகவும் கிடங்காகவும் மாறின. கல்யாண மண்டபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரின் பிங்கோ அதுதான். சரிவான தரையை நிரவினாலும் சுவரும் கூரையும் முகப்பும் தப்பிக்கின்றன.

தமிழ்நாட்டில் தப்பிய ஒன்று அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் இருக்கிறது. வார்விக் மேஜர் 1913இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர். இரண்டே ஆண்டில் தபால் துறை அதை வாங்கிக்கொண்டது. இப்போது தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான பிரிவு அங்கே இயங்குகிறது. யாரும் போராடவில்லை, யாரும் நிதி திரட்டவில்லை. விற்க அவசரமில்லாத உடைமையாளரும் படம் அல்லாத ஓர் உபயோகமும் கிடைத்தால் மெலிந்த கட்டடம்கூட நூறாண்டு தாண்டும் என்பதற்கு நம்மிடமே அத்தாட்சி உண்டு.

உங்கள் ஊரில் பழைய தியேட்டர் ஒன்று மூடிக் கிடந்தால், கையெழுத்து இயக்கத்துக்கு முன்னால் சில காரியங்கள் செய்யுங்கள். திரைக்குப் பின்னால் எத்தனை அடி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பத்திரம் எத்தனை பேர் பெயரில் இருக்கிறது, பக்கத்து மனை யாருடையது என்று விசாரியுங்கள். கூரை ஒழுகினால் வேறெதற்கும் முன்னால் அதை அடைக்கச் சொல்லுங்கள். பழைய ஆபரேட்டர் இன்னும் இருக்கிறார் என்றால் அவரை உட்காரவைத்து, எந்தக் கதவு எங்கே போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாநகராட்சிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ ஓர் அரங்கு தேவைப்படுகிறதா என்று கேளுங்கள். புதுக் கலையரங்கம் கட்டக் கோடிகள் ஒதுக்கும் நகராட்சிகள் முதலில் தங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் ஆயிரம் இருக்கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.